தலைச்சுமையாகப் போன சைக்கிள்

"...உருட்டினாலும் வண்டி, தூக்கினாலும் வண்டி. நீ அத்த இடுப்புல வச்சிகினு தாலாட்டு பாடினாலும் அது வண்டிதான் நைனா. இந்தப் பாலத்துமேல சக்கரம் வச்சது எதுவும் போவக் கூடாது. அவ்ளோதான்."

சொன்னவர் பாலத்துக் காவலாளி. யுத்தத்தின்போது பர்மா பக்கம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய விசில், கையில் ஒரு மூங்கில் தடி. நான் என் சைக்கிளைப் பிடித்தபடி அவர் எதிரில் நின்றிருந்தேன். கால்வாய்க்கு அந்தக் கரையில் மூன்று மைல் தள்ளி, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் என் தொழிற்சாலை. முதல் சங்கு ஊதியாகிவிட்டது. அது ஊதி அரை மணியில் இரண்டாம் சங்கு. அது ஊதும்போது நான் கேட்டுக்கு வெளியே நின்றால் என் வேலை போய்விடும்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. ஃபிட்டர் வேலைக்கு என்னை எடுத்தபோதே ஆறு மாதம் பார்ப்போம் என்றுதான் எடுத்தார்கள். அதற்குள் மூன்று தடவை தாமதமாக வந்தவன் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு இரண்டு ஆகிவிட்டது. ஒன்று மழையில் பஞ்சர், இன்னொன்று சைக்கிளுக்கும் பாலத்தை மூடிய முதல் நாள். ஆறு மாதம் முடிய நாலே நாள் பாக்கி. எங்கள் ஃபோர்மேன் ஒன்று சொல்வார்: "சங்குக்குக் கண்ணு கெடையாது. உன் மூஞ்சியைப் பாத்து ரெண்டு நிமிஷம் நின்னு ஊதாது."

பாலம் மூடிய கதையையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். பாய்லர் ஏற்றிய லாரி ஒன்று போனதில் பாலத்தின் நடுத் தூண் விரிசல் விட்டுவிட்டது. அதைச் சரிசெய்கிறவரை நடப்பவர்களுக்கு மட்டும் வழி என்று பலகை மாட்டினார்கள். லாரி, மாட்டுவண்டி, ஜட்கா எல்லாம் ஐந்து மைல் சுற்றிக்கொண்டு போயின.

முதல் சில நாள் பட்டாளத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக விட்டார். "எறங்கி உருட்டு ராஜா, உன் காலுக்கும் கொஞ்சம் வேலை குடு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் உருட்டுவோம், அவர் கண்ணுக்குத் தெரிகிறவரை. பாலத்தின் நடுவில் ஒரு மேடு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் இந்தக் கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டால் மிதிக்கவே வேண்டாம், சரிவு பார்த்துக்கொள்ளும். ஒருநாள் நான் அப்படி ஏறி, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சீட்டியடித்தபடி இறங்குகிறேன். தூணைப் பார்க்க வந்த மேலதிகாரி எதிரில் நிற்கிறார். அவர் என்னை விட்டுவிட்டு நேராக நடந்து போய்ப் பட்டாளத்தாரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை இந்தப் பாலத்தின்மேல் சக்கரத்தைப் பார்த்தால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வந்தது இந்தக் கண்டிப்பு. மறுநாள் ஒரு பெரியவர் பேரக்குழந்தைக்கு வாங்கிய மர நடைவண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். அதையும் நிறுத்தினார். "கொயந்தை வந்தா சலாம் வச்சு அனுப்பறேன். வண்டிக்கு வழி கெடையாது." ஊரே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனுஷரைக் கல்லாக்கியது யார் என்று எனக்குத் தெரியுமே.

அதற்கு அடுத்த நாட்களில்தான் பாய் எனக்குப் பழக்கமானார். அவர் எல்லாவற்றிலும் எனக்கு நேர் எதிர்த் திசை. எனக்கு வீடு மணலியில், வேலை கிழக்கே. அவருக்கு வீடு திருவொற்றியூரில், வேலை மேற்கே மாதவரம் பக்கம் ஒரு தோல் கிடங்கில். தோலைக் கையால் தடவிப் பார்த்தே தரம் பிரித்துவிடுவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில் சைக்கிளை விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து, மீதித் தூரத்தையும் கால் தேய நடந்துகொண்டிருந்தோம். ஒருநாள் காலை பாலத்து மேட்டில் என்னை மறித்தார்.

"தோஸ்து, என் வண்டி அந்தாண்ட தூங்கிகினு கீது. உன் வண்டி இந்தாண்ட தூங்கிகினு கீது. நாம ரெண்டு பேரும் மாடு மாரி நடந்துகினு கீறோம். இது இன்னா கூத்து?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நானும் நீட்டினேன். அன்றிலிருந்து அவர் சைக்கிளில் நான் தொழிற்சாலைக்கு, என் சைக்கிளில் அவர் தோல் கிடங்குக்கு. சாயங்காலம் அதே மேட்டில் சாவி திரும்பக் கைமாறும். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவர் வண்டியில் என் கால் பெடலைத் தேடித் தேடிப் பிடிக்கும். என் வண்டியில் அவர் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும். "உன் வண்டியில ஏறினா நான் தவளை மாரி கீறேன்னு கெடங்குல சிரிக்கறானுங்க" என்பார். ஆனாலும் ஒருவர் சீட்டை ஒருவர் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அடுத்தவர் வண்டி. வீட்டுக்கு வந்தால் என் கைப்பிடியில் தோல் வாசனை அடிக்கும். அவருடையதில் என் கை கிரீஸ் இருந்திருக்கும். அவர் அதைச் சொன்னதே இல்லை.

இப்படியே நோன்பு மாசம் வந்தது, இருபத்தொன்பது நோன்பும் ஆனது. அன்று சாயங்காலம் பாய் மேட்டில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாளு. நான் வரமாட்டேன். எதுக்கும் என் வண்டிய அந்த முனை டீக்கடையில பூட்டிட்டு நடந்தே போயிடறேன். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

நானும் அண்ணாந்து பார்த்தேன். ஆடி மாசத்து மேகம், வானம் முழுக்கக் கரி பூசினாற்போல. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனுஷர், எதற்கு வீண் நடை?

"இந்த வானத்துல பிறையாவது தெரியறதாவது! நாளைக்கும் நோன்புதான் பாய். ஜம்முனு வண்டியிலயே வூட்டுக்குப் போங்க."

"பிறை பாத்து நாள் சொல்றதுக்கு நீ எப்ப காஜியார் ஆனே? நம்ம தலைமேல மேகம் கீதுன்னா ஊருக்கெல்லாம் மேகமா?"

"நான் சொல்றேன், போங்க பாய்."

அவ்வளவு அடித்துச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவருக்குத் தோஸ்து இல்லை, சாகிறவரை காஜியார்தான்.

மறுநாள் காலை என் சைக்கிளை மேற்கு முனையில் நிறுத்திவிட்டு மேட்டில் போய் நின்றேன். பாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். வழக்கமாகக் கூடையோடு மணலிக்குப் போகும் காத்திவாக்கத்து மீன்காரம்மா வந்தாள்.

"யாருக்கு நிக்கறே? பாய்க்கா? அட, இன்னிக்குப் பெருநாளுப்பா! வேற ஊர்ல பிறை பாத்து ராத்திரியே சேதி வந்துட்ச்சு. கொயந்தைங்க புதுத்துணி போட்டுகினு தெருவையே அடைச்சிகினு போவுதுங்க. வூட்டுக்கு வூடு நெய் வாசனை. மூக்கு கீதுல்ல உனுக்கு?"

அவள் சொல்லி முடிக்கவும் முதல் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. நடந்தால் முக்கால் மணி நேரம். ஓடினால் பாதி வழியில் நாக்கு தள்ளிவிடும். பாயின் சைக்கிள் அவர் வீட்டில் இருக்கிறது. என் சைக்கிளோ பாலத்துக்கு இந்தப் பக்கம். ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டு பட்டாளத்தாரிடம் நின்றேன். வேலை போய்விடும் என்றேன். தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன், தரையிலேயே வைக்க மாட்டேன் என்றேன். அதற்குத்தான் தாலாட்டு பாடினாலும் வண்டிதான் என்றார். சொல்லிவிட்டு மெதுவாக இன்னொன்றும் சொன்னார்: "உனுக்கு மட்டும்தான் வேலை கீதா? எனுக்குக் கெடையாதா?"

அதற்குப் பதில் பின்னாலேயே வந்த மீன்காரம்மாவிடம் இருந்தது. கூடையைக் காவல் கொட்டகையின் வாசலில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கூடையில எறா கீது, நண்டு கீது. இவன் வண்டிய வுடக் கனம். இத்த மட்டும் தெனம் வுடறியே?"

"அது தலைச்சுமை. சுமைக்குத் தடை இல்ல. சக்கரத்துக்குத்தான் தடை. எனுக்கு அப்டித்தான் சொல்லிக்கீறாங்க."

"நண்டு எட்டுக் கால்ல ஓடுது. அத்தக் கேளு."

"காலுதானே? போவட்டும்."

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். என் கை அதற்குள் பைக்குள் போய்விட்டது. ஃபிட்டர் பையில் ஸ்பானர் இல்லாமல் இருக்குமா? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். முன் சக்கரத்து நட்டு இரண்டு, பின் சக்கரத்தில் இரண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வேலையை நான் செய்வேன், அன்று மட்டும் என்ன? எங்கள் வழக்கப்படி கழற்றின நட்டையெல்லாம் வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டேன். தரையில் வைத்தால் மண்ணாகும், பையில் போட்டால் தேட வேண்டும், வாயில் இருந்தால் நாக்கே எண்ணிக்கொள்ளும். சங்கிலியை எடுத்துச் சட்டத்தில் சுற்றினேன். சக்கரம் இரண்டையும் ஒரு பக்கம் சாத்தினேன். சட்டத்தை இன்னொரு பக்கம் வைத்தேன்.

பட்டாளத்தார் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இன்னா பண்ணிக்கீறே?"

"இப்ப இதுல வண்டி எது, காட்டுங்க பட்டாளத்தார்."

வாயில் நட்டு இருக்கும்போது பேசக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அந்தச் சமயத்தில் அது என் நினைவில் இல்லை. ஜெயித்துவிட்ட நினைப்புதான் இருந்தது.

அவர் தடியால் சட்டத்தைத் தொட்டார். சக்கரத்தைத் தொட்டார். பலகையைத் திரும்பிப் பார்த்தார். லாரியைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கை அது. எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? கடைசியில் கால்வாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சக்கரம் பாலத்துல படக் கூடாது" என்றார்.

மீன்காரம்மா தன் சும்மாட்டை எடுத்து என் தோளில் வைத்தாள். "இரும்பு அறுக்கும். எனுக்கு முந்தானை கீது, நீ போ." சட்டத்தை அதன்மேல் ஏற்றினேன். சக்கரங்கள் இரண்டையும் இடது கையில் வளையல் மாதிரி கோத்துக்கொண்டேன். அப்படியே பாலத்தின்மேல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். "இன்னா மாமு, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறியா?" என்று ஒருத்தன் கேட்டான். பதில் சொல்ல முடியாமல் வாய் நிறைய நட்டு. நடுமேட்டைத் தாண்டும்போது முன்பு சீட்டியடித்து இறங்கிய அதே சரிவு. அன்று அங்கே ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தேன்.

கிழக்கு முனையில் இறக்கி வைத்தேன். முன் சக்கரம் ஒரு நிமிஷத்தில் மாட்டியாயிற்று. பின் சக்கரத்தைச் செருகி, சங்கிலியை ஏற்றி, ஒரு பக்கத்து நட்டை முடுக்கினேன். இன்னொன்றுக்கு நாக்கால் தேடினேன். வாயில் ஒன்றும் இல்லை. பையைக் கவிழ்த்தேன், சட்டையை உதறினேன். எப்போது விழுந்தது என்று அப்போதுதான் புரிந்தது. முந்தின நாள் வானத்தைப் பார்த்துப் பேசிய அதே வாய். ஒரு பக்கத்து நட்டோடு மிதித்தால் பத்து கஜத்தில் சக்கரம் சாய்ந்து சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி ஓடித் தேடி வந்தால் சங்கு ஊதிவிடும்.

தலையைத் தூக்கினேன். பாலத்து மேட்டில் முதலில் ஒரு காக்கித் தொப்பி தெரிந்தது. பிறகு விசில், பிறகு மூங்கில் தடி. பாலம் மூடியதிலிருந்து அந்த மூன்று மாதத்தில் பட்டாளத்தார் தன் முனையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் அவர் இடத்தில் மீன்காரம்மா நின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம் கையை நீட்டி நிறுத்திக்கொண்டிருந்தாளாம், பிறகு சொன்னாள்.

மூச்சு வாங்க வந்து நின்று, மூடிய கையைத் திறந்தார். உள்ளங்கையில் என் நட்டு.

"பேசறதுக்கு ஒரு வாய், நட்டு வைக்க ஒரு வாய்னு ரெண்டு கேட்டு வாங்கியிருக்கணும் நீ" என்றார்.

குந்தி உட்கார்ந்து சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டார். நான் முடுக்கினேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றார். தள்ளி முடுக்கினேன். அன்று இரண்டாம் சங்கு ஊதியபோது நான் கேட்டுக்கு உள்ளே, தோளில் மீன் வாசனையோடு, ஃபோர்மேன் முன்னால் நின்றிருந்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் அதே கேட்டுக்குள் போய் வந்தேன். ஆனால் சொல்ல வந்தது அதில்லை.

நட்டை முடுக்கியதும் ஏறி உட்கார்ந்தேன். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டாளத்தார் என் கேரியரில் இரண்டு கையையும் வைத்தார். விசில் கழுத்தில் துள்ளத் துள்ள, சாலை திரும்புகிற இடம்வரை என்னைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்தார்.