பரமேஸ்வரி ஆன்ட்டியின் அப்பா நின்ற விமானத்தளம்

சனிக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்கு சிட்னியின் செவன் ஹில்ஸில் ரயில் ஏறினேன். அடுத்த நிலையமான பிளாக்டவுனில் பரமேஸ்வரி ஆன்ட்டி ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். திருகோணமலைக்காரர், எண்பதை நெருங்குகிறார். மடியில் சாப்பாட்டு அடுக்கு.

“இண்டைக்கு அப்பாவின்ர திவசம், தம்பி. அவர் நிண்ட இடத்திலயே படைக்கப் போறன்.”

அந்த இடத்தைச் சொன்னவன் நான். அவர் அப்பா திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையில் எழுத்தர். கப்பலோடு சிட்னி போய்வந்தார் என்பது வீட்டுப் பேச்சு. விமானக் கொட்டகை முன் அவர் நிற்கும் படத்தை, எந்த இடம் என்று கேட்டு ஆன்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். படத்தின் பின்புறம் ‘கடற்படை விமானத்தளம், 1945’ என்றிருந்ததாம். எங்கள் பக்கத்து ஸ்கோஃபீல்ட்ஸ் விமானத்தளம் பிரிட்டிஷ் கடற்படையின் கைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஆண்டு பொருந்தியதும் ‘இங்கேதான்’ என்று பதில் போட்டுவிட்டேன்.

குவேக்கர்ஸ் ஹில்லில் இறங்கி வாடகைக் காரில் ஸ்கோஃபீல்ட்ஸ் தளத்துக்குப் போனோம். 1942இல் அமைத்தது. பிரிட்டிஷார் போனபின் ஆஸ்திரேலியக் கடற்படையின் பயிற்சித் தளமாகி, 1994இல் மூடப்பட்டது. இப்போது கல்லூரிகள். ஓடுதளப் பக்கம் புது வீடுகள். புல்லுக்கிடையே கொஞ்சம் பழைய கான்கிரீட்.

ஆன்ட்டி கைப்பையிலிருந்து அசல் படத்தை எடுத்தார். அப்போதுதான் பெரிதாகப் பார்க்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் மினுங்கியது.

“ஆன்ட்டி, இது கடல்.”

“ஓம், சிட்னிக் கடல்.”

“இங்கேயிருந்து கடல் முப்பது கிலோமீட்டருக்கு மேல. போன்ல சின்னதாப் பார்த்துட்டு அவசரப்பட்டுட்டேன். இது உங்க ஊர்ச் சீனன்குடாத் தளமா இருக்கணும்.”

“சீனன்குடாவோ? எங்கட வீட்டில இருந்து சைக்கிள்ல போற தூரம்!” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப அப்பா இஞ்ச வரேல்லையோ?”

“வந்ததுக்கு ஆதாரம் இல்ல.”

“ஆதாரம்! விடிய நாலு மணிக்கு எழும்பி வடை சுட்டனான். நேற்றே சொல்லியிருக்கலாமே, ஐசே.”

“மன்னிச்சிடுங்க, ஆன்ட்டி.”

“முப்பத்தாறு வருசம் இந்த ஊரில. ரயிலில போகேக்க, அப்பாவும் இதால போயிருப்பார் எண்டு நினைச்சுக்கொள்ளுவன். அது ஒரு துணை.”

“திரும்பிப் போயிடலாமா, ஆன்ட்டி?”

ஆன்ட்டி கான்கிரீட்டில் வாழையிலைத் துண்டை விரித்தார். சோறு, கத்தரிக்காய்க் கறி, வடை. கையால் நீர் தெளித்தார். கண்ணை மூடி ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

பிறகு நிமிர்ந்தார்.

“நான் கூப்பிட்டிருக்கிறன், வருவார். நீர் திகதியைக் குறிச்சு வையும். அப்பா சிட்னிக்கு வந்தது இண்டைக்குத்தான்.”

குறித்துக்கொண்டேன்.