ஜெசிந்தாவின் ஜாபைக் கொல்லச் சொன்ன நாள்

"அந்தப் பொண்ணு ஜாபை கில் பண்ணிருங்கம்மா. சாயங்காலம் போட்டுக்காரங்க வந்துருவாங்க."

போனில் பேசியவர் எங்கள் துறைத் தலைவர். கீரனூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கிளஸ்டரை, அதாவது பெரிய கணக்குகளுக்காக ஒன்றாகக் கோத்த கணினிகளை, பார்த்துக்கொள்வது என் வேலை. அலை உயரம் சொல்லும் மாடலை ஓட்டி அன்றே மேப் தருவதாக, ஜெகதாப்பட்டினம் விசைப்படகு உரிமையாளர்களிடம் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். காலையில் தொடங்கிய மாடலோ நகரவே மாட்டேன் என்றது. கூட ஓடியது ஜெசிந்தாவின் ஜாப், அதாவது அவள் ஓட்டிய ஆராய்ச்சிக் கணக்கு, மட்டும். பழி அதன் தலையில் விழுந்தது.

ஜெசிந்தா கறம்பக்குடிக்காரி, ஆராய்ச்சி மாணவி. அவள் ஜாப் ஒரு வாரத்துக்கு மேலாக ஓடுகிறது. நடுவில் சேமித்து வைக்கும் வசதி அந்த ப்ரோகிராமில் இல்லை. நிறுத்தினால் முதலிலிருந்துதான். தீசிஸ் கொடுக்க அவ்வளவு நாள் அவளிடம் இல்லை.

அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளிறிப்போனது. சட்டென்று கீபோர்டை இழுத்தாள். "தள்ளுங்கக்கா. நானே கொன்னுக்கிறேன். நீங்க செஞ்சா ஒங்க மேல கோவம் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. "கைய எடுடி! பாக்காம எதையும் தொடக் கூடாது" என்று கத்திவிட்டேன்.

எங்களிடம் நாலு நோடு, அதாவது நாலு கணினி. ஒவ்வொன்றிலும் இரண்டு சிப். ஒவ்வொரு சிப்பிலும் கணக்குப் போடும் கோர்கள் பல. ஒரு ஜாபுக்கு ஒவ்வொரு நோடிலும் ஒரு சிப்பின் கோர்களே போதும். திரையைப் பார்த்தால், நாலு நோடிலும் முதல் சிப் நூறு சதவீதத்தில் திணறுகிறது. இரண்டாவது சிப் சும்மா கிடக்கிறது. அடக் கொடுமையே! இரண்டு ஜாபும் முதல் கோரிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது.

"இம்புட்டு எடம் கெடக்கு, ரெண்டும் ஒரே பெஞ்சுல ஒக்காந்து இடிச்சுக்கிட்டு கெடக்குதுக!"

"மாத்த முடியுமாக்கா?"

"ஓடுறப்பவே மாத்தலாம். ஆனா தவறுனா செத்துரும்."

"என்னுதத் தொடாதீங்கக்கா, ப்ளீஸ்."

அப்படியானால் தலைவரின் மாடலைத்தான் நகர்த்த வேண்டும். அது செத்தால் மேப் கிடையாது, என்னை அவர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பயமாகத்தான் இருந்தது. மாடல் ஓடும் துண்டுகளை, ஒவ்வொரு ப்ராசஸாக, இரண்டாவது சிப்பின் கோருக்கு மாற்றினேன். ஜெசிந்தாவின் ஜாப் வேகமெடுத்தது. மாடல் மட்டும் இன்னும் இழுத்தது.

"என்னாச்சுக்கா?"

"ப்ராசஸ் இங்கிட்டு வந்துருச்சு. அதோட மெமரி பழைய சிப்பு பக்கமே கெடக்கு. ஒவ்வொரு தடவையும் அங்க போய் எடுத்துட்டு வருது."

மெமரியையும் பின்னாலேயே நகர்த்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் வரிகள் மளமளவென்று விழ ஆரம்பித்தன. ஜெசிந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கிளஸ்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு ஜாப் மெதுவாக ஓடினால் பக்கத்து ஜாபை நிறுத்தக் கிளம்பாதீர்கள். இரண்டும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

சாயங்காலம் தலைவரே கூப்பிட்டார். "மேப் வந்துருச்சும்மா! அந்தப் பொண்ணு ஜாபுதான் போச்சு, பாவம். நான் ரொம்ப வருத்தப்பட்டேன்னு சொல்லிருங்க."

"பக்கத்துலதான் சார் இருக்கா. நீங்களே சொல்லுங்க" என்று போனை அவளிடம் நீட்டிவிட்டேன்.

அவர் வருத்தமெல்லாம் சொல்லி முடித்தார்.

"பரவால்ல சார்" என்றாள் கடைசியில். "என் ஜாப் ஓடிக்கிட்டுதான் இருக்கு."