பெட்டிக்குள் மூன்று பேர்

கம்ப்யூட்டர் பராமரிக்கிறவன் ஒருவன் கந்தோரில் இருக்கிறான் என்பது, ஏதாவது படுத்துவிட்டால்தான் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். யுத்த காலத்தில் மன்னாரில் ஒரு நிவாரணக் கந்தோரில் அந்த வேலை பார்த்தவன் நான். மின்வெட்டோடு மல்லுக்கட்டிய சகபாடிகள் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விடலாம்.

யார் எழுப்புவது?

எங்களிடம் லினக்ஸ் ஓடும் பெரிய பெட்டி ஒன்று இருந்தது. இன்னொன்று வாங்க வழியில்லை. ஆகவே அதற்குள்ளேயே மென்பொருளால் மூன்று மெய்நிகர் கம்ப்யூட்டர்களை உருவாக்கி வைத்தேன். கணக்குக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. கரண்ட் போய்த் திரும்பினால் பெட்டி எழும்பிவிடும். உள்ளே இருக்கும் மூன்றும் எழும்பாது. நான் வந்துதான் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். ஐசி என்கிற அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நான் மாட்டிக்கொண்ட நாட்களில், அடம்பன் பக்கமிருந்து இடம்பெயர்ந்து கூரைக்குத் தறப்பாள் வாங்க வந்த சனம், களஞ்சியப் பதிவு திறக்காமல் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி வவுனியாவில் தாய் வீட்டில் நிறைமாதம். தலைப்பிள்ளை. பிறக்கும்போது பக்கத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பாதையை எப்போது பூட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதால், நேரத்தோடு போய்விட லீவு கேட்டேன். பொறுப்பாளர் செபமாலை ஐயா தங்கமான மனிதர். மறுத்ததும் தன்மையாகத்தான்.

“தம்பி, நீங்கள் போனா இதுகளை ஆர் எழுப்புறது?”

ஒரு சொல் பிழைத்தால்

கந்தோரிலுள்ள சாமான்களைப் பார்வையிட ஒரு சிப்பாய் வந்தார். பெரிய பெட்டியைக் காட்டி இது என்ன என்றார். சும்மா ஒரு கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. இதற்குள் இன்னும் மூன்று இருக்கிறது என்று என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். நமக்கு ஆள் இருந்தாலும் கதிரை இருந்தாலும் ‘இருக்கு’தான். சிங்களத்தில் பொருளுக்கு ‘தியெனவா’, உயிருள்ளதற்கு ‘இன்னவா’. நான் ‘இன்னவா’ என்றேன். அதாவது, பெட்டிக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

அவர் கை துவக்குக்குப் போனது. கரண்டை நிறுத்தி, பெட்டியின் தகட்டைக் கழற்றிக் காட்டினேன். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். தூசிதான் இருந்தது. எனக்கு விளங்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, போகிற போக்கில் வாசலில் திரும்பி நின்று தமிழில் சொன்னார்.

“மூணு பேரும் வெளிய வந்தா, ஐசி எடுக்கச் சொல்லு.”

மணிக்காரர்

லீவு வேண்டுமென்றால் மூன்றும் தாமாக எழும்ப வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு வரிக் கட்டளை போதும் என்று கண்டுபிடித்தேன். கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, எல்லோரையும் கூட்டி வைத்து, பெட்டியின் கரண்டைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்தேன். பெட்டி எழும்பியது. மற்ற மூன்றும் அசையவில்லை. வெட்கமாய்ப் போய்விட்டது.

துருவிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அந்த மூன்றையும் எழுப்புவது பின்னணியில் ஓடும் ஒரு சேவை. பெட்டி தொடங்கும்போது அந்தச் சேவையும் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லி வைக்கவில்லை. இதைக் கணக்குப் பார்க்கும் றோஸ்மேரி அக்காவிடம் சொன்னேன். ஒருநாளும் காலைப் பூசை தவறவிடாதவர் அவர்.

“கோயில் மணி அடிக்கிறவரையே நீர் எழுப்பேல்லை, பிறகு பூசைக்கு ஆர் வருவினம்?”

ஆறுதலாக

மணிக்காரருக்கும் சொல்லி வைத்து மறுபடி பிடுங்கிக் கொடுத்தேன். மூன்றும் எழும்பின. ஐயா அப்போதே லீவில் கையெழுத்து வைத்தார். பாதையும் திறந்திருந்தது. மகளைக் கையில் வாங்கியபோது அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் கந்தோரிலிருந்து சத்தமே இல்லை. மூன்றும் படுத்துவிட்டன, எல்லோரும் என்மேல் கோபத்தில் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். கடைசியில் ஐயாவே தொலைபேசியில் எடுத்தார். பிள்ளையைப் பற்றி விசாரித்தார், தாய்க்கு எப்படி என்று கேட்டார். பெட்டி எப்படி என்று நானே தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கரண்ட் போகுது, வருகுது, எல்லாம் தன்ரபாட்டில எழும்புது. அவசரமில்லை, நீங்கள் ஆறுதலா வாங்கோ, தம்பி.”

நம் தொழிலில் ஒரு வேலையைத் திறமாகச் செய்து முடித்தவனுக்குக் கிடைப்பது, அவன் இல்லாமலும் காரியம் நடக்கும் என்ற நற்சான்றிதழ்தான்.