எங்கடை ஆக்கள் இல்லாத ஊர்

தவமலர் பதினொரு தரம் பாரிசுக்குப் போயிருக்கிறாள். ஐஃபெல் கோபுரத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. கண்டதெல்லாம் மண்டபங்கள். கல்யாணம், பிறந்தநாள், செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று பன்னிரண்டு மணித்தியாலம் காரில் நெரிந்து போய், பலகாரம் சுட்டு, சேலை கட்டி, சிரித்துவிட்டு, திங்கள் காலை ஏழு மணிக்கு பிராண்டே ஊரில் முதியோர் இல்லத்து வேலைக்கு வந்து நிற்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க் வந்த நாள்தொட்டு அவளுடைய லீவெல்லாம் இப்படித்தான் போனது. லண்டன் என்றாலும் மண்டபம், ரொறன்ரோ என்றாலும் மண்டபம்.

ஒருநாள் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் பிர்கிட்டே என்ற டெனிஷ்காரி, ஆப்பிரிக்காவின் காம்பியாக் கடற்கரை வெயிலில் இறால்போலச் சிவந்த தோளைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள். "பாரிசில் நீ என்ன பார்த்தாய்?" என்று தவமலரைக் கேட்டாள். தவமலருக்கு மண்டபங்கள் மட்டுமே நினைவுக்கு வந்தன. அன்று பின்னேரமே மகள் சயந்தினியைப் பிடித்து, பெப்ரவரியில் ஒரு கிழமைக்குக் காம்பியாவுக்கு ரிக்கற் போடச் சொன்னாள்.

கணவர் இராசரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"காம்பியாவோ? அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன். நீங்களும் வாங்கோவன்."

"எனக்கென்ன விசரே?"

சரி, மனிதருக்கு விசரில்லை. அவளுக்கு மட்டும் ஒரு ரிக்கற் போட்டாயிற்று.

டிசம்பரில் பாரிசிலிருந்து இராசரத்தினத்தின் தங்கை அழைத்தாள். மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் கிடைத்துவிட்டதாம். பெப்ரவரியில், அதே கிழமையில்! உனக்கு வசதிப்படுமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்பார்களா? தவமலர் எப்படியும் வருவாள் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம்.

"மாமிக்காரி நிக்காமல் பிள்ளைக்கு ஆர் ஆராத்தி எடுக்கிறது, மச்சாள்?"

"பாரிசிலையே ரண்டு மாமிமார் இருக்கினம். அவையளுக்கும் கையிருக்குத்தானே."

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இரண்டு மாதமும் தொலைபேசி ஓயவில்லை. கோயிலில் பெண்கள் குசுகுசுத்தார்கள். "தனியப் போறாவாம், அதுவும் ஆப்பிரிக்காவுக்கு!" தவமலர் திரும்பி நின்றாள். "ஓம், தனியத்தான். சனத்தோடை போறதெண்டால் பாரிசுக்கெல்லோ போயிருப்பன்?" வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் பயமில்லாமல் இல்லை. அந்தப் பிள்ளையின் மனம் நோகுமே என்ற கவலையும் இருந்தது. ஆனால் இந்தமுறை விட்டுக்கொடுத்தால் இனி எந்தமுறையும் தனக்கென்று ஒரு லீவு இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போனாள். விமானக் கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. குளிர்ச் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் திணித்தவள் பிறகு அதைத் தொடவேயில்லை. கச்சான் கடலை அரைத்து வைத்த குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சோற்றோடு தின்றாள். மீன் சந்தையில் படகு வரும்வரை காத்திருந்து வேடிக்கை பார்த்தாள். அவள் ஆருடைய மனைவி, ஆருக்கு மாமி என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊர் மாதிரியோ என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். இல்லை, காம்பியா மாதிரித்தான் இருந்தது என்றாள்.

சனிக்கிழமை, சடங்கு நாள். அரைக் காற்சட்டையோடு முழங்காலளவு கடலில் நின்றபோது, தகப்பனோடு பாரிஸ் மண்டபத்துக்குப் போயிருந்த சயந்தினியின் செய்தி வந்தது. "அம்மா, நீங்கள் காம்பியாவுக்கே போகேல்லை, உங்களுக்குக் கடும் வருத்தம், காய்ச்சலோடை வீட்டிலை படுக்கையிலை கிடக்கிறியள் எண்டு அப்பா எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு திரியிறார்."

தவமலருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வராதவள், திமிர் பிடித்தவள் என்று ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். நிமிர்ந்து நின்றவளைப் படுக்கையில் கிடத்திவிட்டாரே மனிதர்! உடனே மச்சாளை வீடியோவில் அழைத்தாள். திரையில் மச்சாளின் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் பட்டுச்சேலைகள் கூடி எட்டிப்பார்த்தன. அவற்றுக்கும் பின்னால் வேட்டியோடு இராசரத்தினம், போனை வையும் வையும் என்று கையைக் காட்டினார்.

"மச்சாள், எங்கை நிக்கிறியள்? வருத்தமெண்டெல்லோ அண்ணை சொன்னார்!"

"காம்பியாவிலை, கடலுக்கை நிக்கிறன். பிள்ளை நல்லா இருக்கோணும், என்ரை ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கோ." தொலைபேசியைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்து, காற்சட்டையையும் கடலையும் மண்டபத்துக்கே காட்டினாள். "எல்லாரும் வடிவாப் பாருங்கோ. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை!"