பட்டனை அமுக்கத் தனிக் கட்டணமாம்

போன வருடம் பாதிவரை அமெரிக்காவில் இருந்தோம். அதனால் துபாய் வந்த பிறகும் அங்கே நாங்கள் குடியிருந்த மாநிலத்துக்கு வரிக் கணக்கு காட்ட வேண்டியிருக்கிறது.

‘இலவசம்’ என்று கூவிய ஒரு சாஃப்ட்வேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். இன்று கடைசித் திரையில், மாநிலக் கணக்கை ஆன்லைனில் அனுப்பத் தனிக் கட்டணம் என்றது.

அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஆங்கிலத்தில், “இது உங்கள் வசதிக்கான கட்டணம், மேடம்” என்று ஒப்பித்தார்.

பக்கத்திலிருந்த கணவரிடம், “ஒரு பட்டனை அமுக்கறதுக்குக் காசாம். வெட்கங்கெட்ட கூட்டம்” என்றேன்.

மறுமுனையில் தணிந்த குரலில் தமிழ் வந்தது.

“மேடம், சென்னையிலேர்ந்துதான் பேசறேன். கட்டாதீங்கன்னு சொன்னா என் வேலை போயிடும். அடியில பிரிண்ட் பட்டன் சின்னதா இருக்கும், பாருங்க. தபால்ல அனுப்பினா அவங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம்.”

இருந்தது, எறும்பு சைஸில். அச்செடுத்து, இங்கே கராமா பகுதித் தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், ‘எங்கள் சேவை எப்படி?’ என்று அவர்களிடமிருந்து மெயில். பேசியவருக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். கம்பெனிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போட இடமில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.