தாய்ப் பிரதியில் ஒரு வரி

ஒரே பெரிய கணினிக்குள் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அவர் பிழைப்பு. அலுவலகத்தில் அவர் பெயரே சர்வர்காரர். புதிதாகச் சேர்ந்திருந்த அவர் மைத்துனன் நகலெடுத்த கணினி ஒன்றுகூட நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. அழித்துவிட்டு, எல்லா நகலுக்கும் மூலமான தாய்ப் பிரதியிலிருந்து மறுபடி நகலெடுத்தான். அதுவும் கறுப்புத் திரையோடு நின்றது.

“உறவுக்காரனைச் சேர்த்தா இப்படித்தான். சாயங்காலத்துக்குள்ள ஓடலேன்னா நாளைக்கு அவன் வர வேண்டாம்,” என்றார் மேலாளர்.

“நான் தொட்டா எதுவும் துலங்காது அத்தான்,” என்று மைத்துனன் சிரிக்கப் பார்த்தான்.

நேற்றுச் சாப்பிடும்போது மனைவியிடம், “உன் தம்பிக்குக் கவனம் போதாது,” என்று அவரும் சொல்லியிருந்தார், அவன் எதிரிலேயே.

சர்வர்காரர் தாய்ப் பிரதியைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். கணினியை முதலில் எழுப்பிவிடுவது ஃபர்ம்வேர். அமைப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்க, போன வாரம் ஒரு சோதனைக்காக இன்னொன்றையும் ஏற்றச்சொல்லி வரி எழுதியவர் அவரேதான். அதை நீக்க மறந்திருந்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி.

வரியை அழித்து நகலெடுத்ததும் கணினி எழுந்தது.

“அத்தான் கை வெச்சாத்தான் பேய் ஓடுது,” என்றான் மைத்துனன் பெருமையாக. மேலாளர் சர்வர்காரரின் தோளைத் தட்டினார். அந்தத் தோளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“பேயை ஏவிவிட்டதே நான்தான் சார். அந்த வரி என்னுது. இவன் ஒழுங்காத்தான் நகலெடுத்தான், என் தப்பையும் சேர்த்து.”

“சரி, அவன் இருக்கட்டும்,” என்று மேலாளர் போய்விட்டார்.

மைத்துனன் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான். நான் சொன்னா நம்ப மாட்டா.”