மாயக்காள் வளர்த்த குளவாழை

மாயக்காள் வீட்டு முற்றத்துக் கல்தொட்டியில் அந்தச் செடி முதல் பூ விட்ட புரட்டாசிக் காலையில்தான், மகள் சந்தனம்மாள் மறுபடியும் முழுகாமல் இருக்கும் சேதி, அவளைக் கட்டிக்கொடுத்த கெங்குவார்பட்டியிலிருந்து வந்தது. பிறந்த சூட்டோடு இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் சந்தனம். மாயக்காள் பூவையும் சேதி சொன்னவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நொடியில் அவள் மனசுக்குள் விழுந்த முடிச்சைப் பிறகு யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

செடி மலைக்கு அந்தப் பக்கத்தது. அவள் தம்பி சுருளியாண்டி ஏலத்தோட்டத்துத் துரை பங்களாவில் பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். ஒருமுறை ஈரச்சாக்கில் ஒரே ஒரு செடியைச் சுற்றி எடுத்து வந்தான்.

"குளவாழைம்பாக அக்கா. மண்ணே வேணாம். தண்ணியில மிதந்துக்கிட்டே வளரும்."

"மண்ணு இல்லாம என்னத்தத் தின்னும்?"

"ஒன்ன மாதிரிதான். ஆசையத் தின்னே உசுரு வளக்கும்" என்று சிரித்தான்.

தண்டு குட்டி வெங்காயம்போல உப்பியிருக்கும். இலை எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். வெளிர்நீலப் பூவின் நடு இதழில் மஞ்சளாக ஒரு கண், மயிலிறகில் இருப்பதுபோல. விடிந்ததும் அழுகின இலையைக் கிள்ளி எடுப்பாள். குறைந்த தண்ணீரை நிரப்புவாள். வாரம் ஒருநாள் ஒரு சிரட்டை சாணிக் கரைசல் ஊற்றுவாள். தை பிறப்பதற்குள் ஒன்று ஒன்பதாயிற்று. அந்தப் பச்சை வாடாத வரைக்கும் மகள் வயிற்றுப் பிள்ளையும் வாடாது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். ஏழாம் மாதம் வந்து சேர்ந்த சந்தனத்திடமும் அதையே சொன்னாள். சந்தனம் அந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டாள். எழுந்ததும் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றைத் தடவுவாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடை அது. தேவாரத்துக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊருக்குக் குடிக்க ஓர் ஊருணிதான் உண்டு. அதன் காவல் மாயக்காளின் புருஷன் கருத்தக்கண்ணனுடையது. ஊருணித் தண்ணீரில் யார் காலும் படக்கூடாது. படிக்கல்லில் குனிந்து குடத்தை முக்கலாம், அவ்வளவுதான். காலை வைத்தாலோ எதையாவது போட்டாலோ, அந்த வீட்டுக் குடத்தைக் காவல்காரரே கரையில் உடைப்பார். பிறகு அந்த வீட்டுக்கு ஊருணி கிடையாது. ஒவ்வொரு சித்திரையிலும், வீரபாண்டித் திருவிழாவுக்கு வண்டிகள் கிளம்புவதற்கு முந்தின நாள், காவல்காரர் கரையில் சூடம் அடித்து, தண்ணீரில் யார் காலும் படவில்லை, யாரும் எதையும் போடவில்லை என்று சத்தியம் செய்வார். பொய்ச் சத்தியம் அந்த வீட்டின் இளைய உயிரில் இறங்கும் என்பது ஊரார் பயம்.

மாசியில் வீட்டுக்கு இரண்டு குடம் என்று கட்டுப்பாடு வந்தது. தொட்டி வற்றியது. இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. "ஆத்தா, செடி சாகுது" என்று சந்தனம் விசும்பினாள். மாயக்காள் தன் வாய்க்கு வைத்த தண்ணீரை நான்கு நாள் அதற்கு ஊற்றிப் பார்த்தாள். ஐந்தாம் நாள், ஊரே வெயிலுக்கு ஒடுங்கியிருந்த உச்சிப்பொழுதில், செடிகளைக் குடத்துக்குள் போட்டு எடுத்துப்போய் ஊருணியின் கோரைமூலையில் விட்டாள். மழை வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்; சந்தனத்திடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவைத்தாள்.

செடி தழைத்தது. பத்து நாளில் கோரையைத் தாண்டியது.

"நம்ம தொட்டிச் செடி எங்க?" என்று கருத்தக்கண்ணன் கேட்டார்.

"கருகிருச்சு. தூக்கி எறிஞ்சுட்டேன்."

"அப்ப ஊருணியில கெடக்கிறது?"

"கொக்கு காலோட வந்திருக்கும்."

முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்பதால் ஆட்கள் கரையில் நின்று துரட்டி போட்டு இழுத்தார்கள். செடி பிய்ந்தது. பிய்ந்த துண்டெல்லாம் மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விட்டது. பங்குனி முடிவதற்குள் தண்ணீர் தெரியாமல் பச்சை மூடிக்கொண்டது. முக்கினால் குடத்தில் கறுப்பாக ஒரு வாடை. கொசு பெருகிற்று. தெருவில் மூன்று வீட்டில் குளிர்காய்ச்சல்.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்: "கொக்கு கொண்டாந்துச்சாம்ல கொக்கு! அந்தக் கொக்கு சேல கட்டிருந்துச்சா, வேட்டி கட்டிருந்துச்சான்னு யாரும் கேக்கலயே!"

மாயக்காளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. செடியைப் பிடுங்கினால் பிள்ளை போகும். பிடுங்காமல் வாயை மூடியிருந்தால், ஒன்றுமறியாத புருஷன் பொய்ச் சத்தியம் செய்வார். அதுவும் பிள்ளைமேல்தான் இறங்கும். தன் கையாலேயே இரண்டு பக்கமும் வாசலை அடைத்துவிட்டோமே என்று சுவரில் முட்டிக்கொண்டாள்.

சத்திய நாள் விடிந்தது. ஊர் முழுக்கக் கரையில். நிறைமாத வயிற்றோடு சந்தனமும் வந்து நின்றாள். கருத்தக்கண்ணன் ஈரவேட்டியோடு சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் ஏந்தினார்.

"ஒரு காலும் படல. ஒரு பொருளும்..."

"நிறுத்துங்க!" மாயக்காள் ஓடிவந்து அவர் கையைத் தட்டினாள். சூடம் மண்ணில் விழுந்து எரிந்தது. "நாந்தான் விட்டேன். ஏங் கையால விட்டேன். ஒங்க கிட்ட பொய் சொன்னேன்."

கருத்தக்கண்ணனின் முகம் மெல்ல மெல்ல வயசாகிக்கொண்டே போனது.

"கொடம் ஒடையத்தான் போகுது" என்றாள் அவள். "இனி ஏங் கால் பட்டா என்ன, படாட்டி என்ன?" சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஊருணிக்குள் இறங்கினாள். இடுப்பளவுச் சேறு. இரண்டு கையாலும் வேரோடு அள்ளி அள்ளிக் கரையில் எறிந்தாள்.

"ஆத்தா! புடுங்காத ஆத்தா! ஏம் புள்ளயக் கொல்லாத!" சந்தனம் கரையில் விழுந்து மண்ணை அறைந்தாள். பஞ்சம்மாளே ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மகள் கதறக் கதற, மாயக்காள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பொழுது சாயும்போது கரையில் பச்சை மலைபோலக் குவிந்து கிடந்தது. அவள் மேலேறி வந்தாள். கருத்தக்கண்ணன் தன் வீட்டுக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். ஓங்கிக் கரையில் போட்டு உடைத்தார்.

பன்னிரண்டாம் நாள் சந்தனத்துக்குப் பெண் பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

"நீ இங்கன வராத. ஒன் நெழல் அது மேல படவேணாம்" என்றாள் சந்தனம்.

மாயக்காள் உள்ளே போகவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீருக்காக இரண்டு மைல் தள்ளி மலையடி ஓடைக்கு நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் வாசலில் நின்று, "மூச்சு இருக்கா?" என்று கேட்பாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகலெல்லாம் தான் குடிக்கக்கூடாத தண்ணீரைக் காத்துவிட்டு நா வறண்டு வந்திருக்கும் கருத்தக்கண்ணன்தான் சொல்வார்: "இருக்கு. நீ மொதல்ல கொடத்த எறக்கு."

மூன்றாம் மாதம் பிள்ளையைக் கெங்குவார்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். அவள் ஓடைக்கு நடப்பது நிற்கவில்லை. தலை நரைத்த பிறகும், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் யாராயிருந்தாலும் பாதையில் மறிப்பாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "சந்தனத்து மக நல்லாருக்காளா?" என்பாள். "நல்லாருக்கா ஆத்தா" என்பார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் குடத்தைத் தூக்குவாள்.